பத்து வயதுப் பரீட்சை

இலங்கையில் ஆண்டுதோறும் சுமார் 3 லக்ஷம் குழந்தைகள் ஒரே நாளில் ஒரு பரீட்சைக்கு உட்காருகிறார்கள். எல்லாரும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், வயது பத்து. நாம் 'ஸ்காலர்ஷிப்' என்பதை அங்குள்ள தமிழர்கள் 'புலமைப்பரிசில்' என்று வழங்குகிறார்கள். எவ்வளவு அழகான சொல்! பரீட்சையும் அவ்வளவு அழகாக இருந்தால் நாம் இதை எழுதவே வேண்டியிராது.

வினாத்தாள் இரண்டு, மொத்தம் 200 மார்க்கு. தேறும் ஏழைக் குழந்தைக்கு உதவித் தொகை உண்டு. ஆனால் பல பெற்றோர் கண் வைத்திருப்பது அந்தத் தொகையின் மீதன்று. கொழும்பு ராயல் கல்லூரி போன்ற பெயர் பெற்ற பள்ளிகளின் ஆறாம் வகுப்பில் நுழைவதற்கு இந்த மார்க்கே சீட்டு. வெறுமனே தேறினால் போதாது. அதற்கு மேலும் வெகு தூரம் ஏற வேண்டும்.

இந்த ஏணியைக் கட்டியவர் நோக்கம் வேறு. ஸ்ரீ ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1884-ல் அம்பலாங்கொடைக்கு அருகில் பிறந்தவர். அவ்வூர்ச் சிறு மிஷன் பள்ளியில் படிக்கும்போது, பரிசளிப்பு விழாவில் ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடையேறுவதைக் காலி ரிச்மண்ட் கல்லூரித் தலைவர் டாரல் பாதிரியார் கவனித்தாராம். ஸ்காலர்ஷிப் கிடைத்தது, பையன் காலிக்குச் சென்றான். 1931-ல் அவரே கல்வி மந்திரியானார். தமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளைக்கும் உரிமையாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1945 அக்டோபர் முதல் இலங்கையில் பாலர் வகுப்பிலிருந்து சர்வகலாசாலை வரையில் கல்வி இலவசமாயிற்று. தாய்மொழியில் போதிக்க வேண்டுமென்பதும் அவரது கமிட்டியின் சிபார்சு. நம்மில் எத்தனை மந்திரிகள் இதைச் செய்தார்கள் என்று கேட்க ஆசைதான்; வேண்டாம், பத்திரிகையில் இடம் குறைவு.

ஆனால் அவர் செய்ததில் முக்கியமானதைப் பலர் மறந்துவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டு போவதுடன் அவர் நிற்கவில்லை. நல்ல பள்ளியையே நாட்டுப்புறத்திற்குக் கொண்டு போனார். ரஸாயன சாலையும் விடுதியும் அமைந்த மத்தியப் பள்ளிகள் 50-க்கு மேல் எழுந்தன. சுற்று வட்டாரத்துக் கெட்டிக்காரக் குழந்தைகளை அங்கே சேர்க்கவே ஸ்காலர்ஷிப் ஏற்பட்டது.

இன்று நடப்பதென்ன? நான்காம் வகுப்பிலேயே, சில இடங்களில் அதற்கு முன்பே, டியூஷன் தொடங்கிவிடுகிறது. குழந்தை விளையாடுவதில்லை, மாதிரி வினாத்தாளுக்கு விடை எழுதுகிறது. தேறிய குழந்தையின் படத்தைத் தெருவிலே தொங்கவிடுகிறார்கள். அதே வகுப்பில் இருந்து தேறாத குழந்தையும் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 2024 செப்டம்பரில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளிப்பட்டு, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறியது. அம்மூன்றுக்கும் எல்லாருக்கும் மார்க்கு அளிப்பதென்று டிசம்பர் 31-ல் தான் முடிவாயிற்று. பத்து வயதுக் குழந்தைகள் மூன்று மாதத்துக்கு மேல் நியாயஸ்தலத்தை நோக்கிக் காத்திருந்தார்கள்!

ஜில்லாவுக்கு ஜில்லா தேர்ச்சி மார்க்கு வேறுபடுவது நியாயமே. ஆயினும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குழந்தைகளை நினைத்தால் நம் மனம் சமாதானம் அடைவதில்லை. துரைமார் வசமிருந்த தோட்டப் பள்ளிகள் சர்க்கார் கைக்கு வந்ததே 1970-க்குப் பிறகுதான். டியூஷன் வாத்தியார் மலையேறி லயத்துக்கு வருவாரா?

பெரிய பள்ளிக்குப் போகும் குழந்தையை நாம் தடுக்கச் சொல்லவில்லை. போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். ஊரில் முதலாவதாயிருந்த குழந்தை அங்கே நாற்பதில் ஒன்றாகிவிடும்; முதல் வருஷம் பெற்றோர் 'எத்தனையாவது ராங்க்?' என்று கேளாதிருந்தால் மிகவும் நல்லது. சர்க்காருக்கு நாம் சொல்வது வேறு. தேறியவர்களின் பட்டியலை வெளியிடும் அன்றே, அவர்கள் விட்டுச் சென்ற சிறு பள்ளிகளின் பட்டியலையும் எடுத்துப் பார்க்கட்டும். எந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை, எதில் ரஸாயன சாலை இல்லை என்று குறித்துக்கொண்டு, அடுத்த பரீட்சைக்குள் அனுப்பி வைக்கட்டும்.