பார் பார்னு பார்க்காதீங்க மக்கா!

பிரஷர் வாஷர் வாங்கப்போற யாரா இருந்தாலும் கடைக்காரர்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "எத்தனை பார்?" டாஸ்மாக் பக்கத்துல இருக்குற பார் இல்லைங்க, தண்ணியோட அழுத்தம். (ரெண்டுலயும் தண்ணிதான் மேட்டர்ங்கறது வேற விஷயம் :-))

இந்த பார் பைத்தியத்தை வெச்சுத்தான் நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்க. எப்படின்னு சொல்றேன், கால்குலேட்டர் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

பாரை, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்ங்கறதால பெருக்கி 600-ஆல வகுத்தா, தண்ணிக்குப் போற சக்தி கிலோவாட்டுல வரும். இப்ப ஒரு டப்பாவுல 1500 வாட், 140 பார், 7.5 லிட்டர்னு அச்சடிச்சிருக்குன்னு வைங்க. பெருக்கி வகுத்தா 1.75 கிலோவாட். அதாவது பிளக்குல 1500 வாட் வாங்கி, தண்ணியில 1750 வாட்டா திருப்பித் தருது அந்த மெஷின்! அடப்பாவிகளா, இது நிஜம்னா நெய்வேலியை இழுத்து மூடிட்டு ஆளுக்கொரு பிரஷர் வாஷர் வாங்கிடலாமே?

இதுல தந்திரம் என்னன்னா, அந்த 140 பார் பம்ப் தாங்குற உச்ச அழுத்தம். 7.5 லிட்டர்ங்கறது நாசில் இல்லாம ஓடுற உச்ச அளவு. ரெண்டும் ஒரே நேரத்துல வரவே வராது. மோட்டார்லயும் பம்ப்லயும் மூணுல ஒரு பங்கு வீணாகுதுன்னு வெச்சா, மிச்சம் 1000 வாட். 6 லிட்டர் ஓட்டத்துல அது 100 பார்தான். காருக்கு அதுவே தாராளம். அப்ப எதுக்கு இந்த 140, 160, 200 பந்தா?

வாங்கும்போது கேக்கவேண்டியது வேற. ஒண்ணு, வேலை செய்யும்போது இருக்குற அழுத்தம் எவ்வளவு, அப்ப தண்ணி எத்தனை லிட்டர்? ரெண்டு, மோட்டார் கார்பன் பிரஷ் வகையா, இண்டக்‌ஷனா? முதல் வகை எடை கம்மி, விலை கம்மி, காது கிழியும், நடுநடுவுல ஓய்வு கொடுக்கணும். இண்டக்‌ஷன் கனம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, ஆனா நின்னு உழைக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை கார் கழுவ முதல் வகை போதும். மூணு, பக்கெட்டுலேர்ந்து தானா உறிஞ்சுமா? நம்மூர்ல இது ரொம்ப முக்கியம். மாடித் தொட்டி குழாய்க்கு 3 மீட்டர் மேல இருந்தா கிடைக்கிற அழுத்தம் வெறும் 0.3 பார். குழாய்த்தண்ணி பத்தாம பம்ப் காத்தை இழுத்தா சீக்கிரமே சங்குதான். நாலு, உள்ள போற வழியில ஃபில்டர் இருக்கா? போர் தண்ணியில வர்ற பொடிமணல் பம்ப் வால்வை அரைச்சுத் தின்னுடும். அஞ்சு, உங்க ஊர்ல சர்வீஸ் இருக்கா? இதையெல்லாம் விட்டுட்டு பாரைக் கேட்டா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போயி பந்தலோட உயரத்தை அளந்த கதைதான்.

அடுத்து, "கையே வெக்க வேணாம், அடிச்சாலே பளபளக்கும்"னு ஒரு கும்பல் கிளம்பியிருக்கு. சும்மா அடிச்சு விடாதீங்க. மண்ணும் சேறும் போகும், சரி. டீசல் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த படலம் வெறும் தண்ணிக்கு அசையாது. ஷாம்பு போட்டுத் துணியால தேய்ச்சே ஆகணும். மெஷினோட உண்மையான உபயோகம், தேய்க்கறதுக்கு முன்னாடி மண்ணைத் தள்ளிவிட்டு கீறல் விழாம காப்பாத்தறதுதான். அப்புறம் சக்கர வளைவு, வண்டியோட அடிப்பாகம். அங்க அது ராஜா, ஒத்துக்கறேன். ஆனா காருக்கு 40 டிகிரி விசிறி நாசில், ஓரடி தூரம். சுத்திச் சுத்தி அடிக்கிற டர்போ நாசிலை பெயிண்ட் பக்கமோ டயர் பக்கமோ கொண்டுபோகாதீங்க. ரேடியேட்டர் தகடு மடங்கிடும். பைக்கா இருந்தா வீல் பேரிங், செயின் பக்கம் நேரா அடிக்காதீங்க, கிரீஸ் போயிடும்.

இதைவிடக் கொடுமை மொட்டை மாடி. தட்டு ஓடு பதிச்ச மாடியில பாசி போகணும்னு டர்போ நாசிலை வெச்சு அடிக்கிறாங்க. பாசி போகும், கூடவே ஓட்டுக்கு நடுவுல இருக்குற பாயிண்டிங்கும் போகும். அடுத்த ஐப்பசியில ஹால் சீலிங் ஒழுகும். அப்ப கொத்தனாரைத் திட்டி என்ன பிரயோசனம்? வாசல்ல பேவர் பிளாக் போட்டிருந்தாலும் இதே கதை, இடுக்கு மணல் பறந்து கல்லு ஆட ஆரம்பிச்சுடும். பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, அரைமணி ஊறவெச்சு, தென்னந்துடைப்பத்தால தேய்ங்க. (ஆசிட்டோட கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.) மெஷினை எடுக்கறதா இருந்தா கான்கிரீட் தரை, கடப்பா கல், காம்பவுண்ட் சுவர், இதோட நிறுத்திக்குங்க.

கடைசியா அந்தப் பெரிய பொய்: "தண்ணி மிச்சம்." எதோட ஒப்பிட்டு? நிமிஷத்துக்கு 10-15 லிட்டர் ஊத்துற ஹோஸோட ஒப்பிட்டா மிச்சம்தான். 15 லிட்டர் பக்கெட் மூணுல கழுவுற மனுஷனோட ஒப்பிட்டா? அவருக்கு 45 லிட்டர். மெஷின்ல பத்து நிமிஷம் டிரிகர் அழுத்தினாலே 60. 2019-ல சென்னையில ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்ததை மறந்துட்டோமா? 2024 மார்ச்சுல பெங்களூருல குடிநீர்ல கார் கழுவினா 5000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சாங்க. லாரித் தண்ணியை சம்ப்புல ரொப்பி அதுல கார் கழுவிட்டு "நான் தண்ணி சேமிக்கிறேன்"னு சொல்றதுக்கு ஒரு தனி தில் வேணும் சாமி.

மெஷினே வேணாம்னு சொல்லலை. தேவைன்னா வாங்குங்க, ஆனா கணக்கு போட்டு வாங்குங்க. கணக்கு உதைச்சா டப்பாவை அங்கயே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க. அம்புட்டுதேன்.

டிஸ்கி: 1500 வாட்டுக்கு 6 ஆம்பியர் பிளக் பத்தாது, 16 ஆம்பியர்ல எர்த்தோட போடுங்க. லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரத்துல வெறுங்காலோட நிக்காதீங்க. ஸ்விட்சை அணைச்சதும் டிரிகரை ஒருதடவை அழுத்தி உள்ள இருக்குற அழுத்தத்தை விட்டுடுங்க. பீய்ச்சுற தண்ணி தோலைத் துளைச்சா வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், உள்ள சேதம் பெருசு, உடனே டாக்டரைப் பாருங்க. "எங்க மெஷின் நிஜமாவே 200 பார்"னு சொல்றவங்க வாட்டையும் லிட்டரையும் சேர்த்துப் பின்னூட்டத்துல போடுங்க. 600-ஆல நான் வகுத்துத் தர்றேன் :-)