காட்மியம் இல்லாச் சூரியத் தகடு

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பது நற்பணி என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்நற்பணிக்கு வாங்கும் கருவியில் நஞ்சு இருத்தலாகாது என்று கோருவதும் நம் கடமையே.

காட்மியம் என்னும் உலோகத்தின் கொடுமையை ஜப்பானிய உழவர்கள் பட்டறிந்தனர். டொயாமா மாநிலத்து ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்நீர் நன்செயிற் பாய்ந்தது. நெல்லில் ஏறிய காட்மியம், உண்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து எலும்பை நொறுக்கியது. ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்ற கதறலே அந்நோய்க்குப் பெயராயிற்று. காரணம் காட்மியமே என 1968-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. கெட்ட வயல்களைச் சீர்திருத்தும் பணியோ 2012-இல்தான் முடிவுற்றது.

கூரைகளில் நாம் மிகுதியாகக் காணும் சிலிக்கான் தகடுகள் காட்மியத்தால் ஆனவை அல்ல. கண்ணாடிமேல் மெல்லிய பூச்சாகப் படிய வைக்கும் மென்படலத் தகடுகளே ஈண்டுக் கருதத்தக்கவை. அவற்றுள் ஒருவகை காட்மியம் டெல்லூரைடு. இவ்வகைத் தகடு செய்யும் ஆலை 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. இச்சேர்மம் நீரில் எளிதிற் கரையாது. கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டிருக்குமளவும் தீங்கு அரிது. உடைந்த பின்னும் பயன் தீர்ந்த பின்னும் தகடு எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

மற்றொரு வகை செம்பு, இண்டியம், காலியம், செலீனியம் ஆகியவற்றால் ஆனது. அதிலும் காட்மியம் சல்ஃபைடை இடைப்படலமாக இடுவது வழக்கம். சாயத் தொட்டியில் நூலைத் தோய்ப்பதுபோலத் தகட்டைக் கரைசலில் தோய்த்து அதனைப் படிய வைப்பர்; எஞ்சும் கழிவுநீரில் காட்மியம் தங்கும். சாயக் கழிவின் தொல்லையை அறிந்த நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாற்று வழி இல்லையா? உண்டு. அவ்விடத்தில் துத்தநாகச் சேர்மங்களை இட்டு, 2019-இல் ஜப்பானியர் சிறு மின்கலம் ஒன்றில் 23.35 விழுக்காடு ஒளியாற்றலை மின்சாரமாக்கிக் காட்டினர். அவ்வகைக் கலங்களில் அந்நாளில் அதுவே உச்சம். நஞ்சை நீக்கினால் விளைவு குறையும் என்ற வாதம் அங்கே பொய்த்தது. செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய மலிந்த பொருள்களைக் கொண்டே தகடு செய்யும் முயற்சியும் நடைபெறுகின்றது. அதன் விளைவு இன்னும் குறைவே. ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் செலவிட வேண்டிய இடம் இதுவே.

தனியொருவர் கேட்டால் வணிகர் செவிசாய்க்க மாட்டார். சங்கம் கேட்டால் விடை சொல்லியே ஆகவேண்டும். தகடு வாங்குமுன் அதிலுள்ள பொருள் யாது, பயன் தீர்ந்தபின் திரும்பப் பெறுவோர் யார் என்ற இரண்டையும் எழுத்தில் பெறுக. காட்மியம் இல்லாத தகடு விலையிலும் விளைவிலும் ஒத்திருப்பின் அதனையே தேர்க. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே கூட்டுறவாளர்க்கு அழகு.