எக்ஸ்டென்ஷனை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமா? பிரவுசரில் நடக்கும் சத்தமில்லாத சோதனை

'ஆட் பிளாக்கரை ஆஃப் பண்ணுங்க' என்று வெப்சைட்கள் கேட்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். விளம்பரம் லோடு ஆகாததை வைத்து அவை கண்டுபிடிக்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. விளம்பரத்துக்குச் சம்பந்தமே இல்லாத எக்ஸ்டென்ஷன்களையும் தளங்களால் மோப்பம் பிடிக்க முடியும்.

எப்படி?

குரோம் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்தில் ஒரு அடையாளக் குறியீடு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்ஸ்டால் செய்தாலும் சிங்கப்பூரில் செய்தாலும் அதே குறியீடுதான். பல எக்ஸ்டென்ஷன்கள் ஐகான் போன்ற சில ஃபைல்களை வெளியே திறந்து வைத்திருக்கும். தளம் அந்த ஃபைலைக் கேட்டுப் பார்க்கும். கிடைத்தால், எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. கேமராவுக்கு வருவது மாதிரி அனுமதி கேட்கும் பாப்-அப் எதுவும் வராது.

லிங்க்ட்இன் தளம் இப்படிச் சோதிப்பது பெரிய சர்ச்சையானது. உறுப்பினர்களின் தகவலை அள்ளும் எக்ஸ்டென்ஷன்களைப் பிடிக்கவே இதைச் செய்வதாக அந்நிறுவனம் சொல்கிறது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் சொந்தப் பெயரில், வேலை பார்க்கும் இடத்தையும் போட்டுத்தான் லாகின் செய்கிறார்கள். ராஜபாளையத்தில் ஒரு மில் ஊழியர் ரகசியமாக வேறு வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை தேட உதவும் எக்ஸ்டென்ஷன் ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழுகை நேரம் சொல்லும் எக்ஸ்டென்ஷன் மதத்தைச் சொல்லும். வாசிப்புச் சிரமத்துக்கான எக்ஸ்டென்ஷன் உடல்நிலையைச் சொல்லும்.

பெயர் தெரியாத தளத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் 16,393 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. கண்டறியக்கூடிய எக்ஸ்டென்ஷன் ஒன்றாவது வைத்திருந்தவர்களில் 54.86% பேரின் பட்டியல், வேறு யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை. குக்கீயை அழித்தாலும் அந்தப் பட்டியல் அப்படியேதான் இருக்கும். தமிழ் டைப்பிங் எக்ஸ்டென்ஷனும், ஐபி முகவரி காட்டும் ஊரும் சேர்ந்தால் வட்டம் இன்னும் சுருங்கும். சின்ன ஊர்க்காரர்களுக்குக் கூட்டத்தில் மறைய இடம் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் நிறுவனங்கள் ஒப்புதல் பெறுவது உள்ளிட்ட முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதாவது 2027 மே வரை.

அதுவரை?

பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடலாம். குரோமின் இன்காக்னிட்டோவில், நாமே அனுமதித்தால் தவிர, எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் வேறு வேறு குறியீடு கொடுப்பதால், இந்தக் குறிப்பிட்ட வித்தை அங்கே எளிதில் பலிக்காது.