பட்டறையில் பிறந்த பாட்டு

கோவை, பட்டறைகளின் ஊர்.

1888-ல் இங்கே முதல் பஞ்சாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடு உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். "இதெல்லாம் சீமையில் அல்லவா செய்ய வேண்டும்?" என்று அவர் தயங்கி நிற்கவில்லை. பம்பு செட்டும், மாவு அரைக்கும் கிரைண்டரும் இப்படித்தான் இந்த ஊரில் பெருகின. ஒரு தகரக் கொட்டகை, ஒரு லேத்து, நாலு பேரின் உழைப்பு. அவ்வளவுதான் மூலதனம்!

அந்த ஊரில் இருந்து 2012-ம் ஆண்டில் ஒரு பாட்டுத் தொகுப்பு வந்தது. பெயர், "ஹிப் ஹாப் தமிழன்". பாடியவர், 22 வயது வாலிபர் ஆதி. அவருடைய கூட்டாளி ஜீவா. இருவரும் "ஹிப்ஹாப் தமிழா" என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம்.

அதில் கதாநாயகன் இல்லை. கதாநாயகி இல்லை. படக் கம்பெனி இல்லை. ஆனாலும் அது ஓடியது!

கம்ப்யூட்டரே ஸ்டூடியோ

ஒரு காலத்தில் கோவையிலேயே சினிமா ஸ்டூடியோக்கள் இருந்தன. 1947-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த "ராஜகுமாரி" சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் உருவானது. 1954-ல் "மலைக்கள்ளன்" படத்தை எடுத்தது பட்சிராஜா ஸ்டூடியோ. பிறகு அவை மறைந்தன. பாட விரும்பிய கொங்கு நாட்டுப் பிள்ளைகள் ரெயில் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடந்தார்கள். பலர், வந்த வழியே திரும்பினார்கள்.

ஆதி சத்தியமங்கலத்தில் உள்ள பண்ணாரி அம்மன் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். அவரும் ஜீவாவும் பழகியது இணையத்தில். பாட்டு பரவியதும் இணையத்தில்தான். ஸ்டூடியோ செய்த வேலையை வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் செய்தது.

"ஏனுங் கண்ணு, இஞ்சினீருக்குப் படிச்சுப்போட்டு இப்படி வாயாலேயே வண்டி ஓட்டறதா?" என்று கேட்கத் தோன்றும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஹிப்ஹாப் என்பது தாளத்துக்கு ஏற்ப, பேச்சும் பாட்டுமாக, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் பிறந்தது. ஆனால், உடுக்கை அடித்து விடிய விடிய அண்ணன்மார் கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு, தாளத்தோடு பேசுவது புதுமையா என்ன?

தமிழில் இதற்கு ஆதிதான் முன்னோடி என்று சொல்லிவிட முடியாது. 2006-லேயே மலேசியத் தமிழர்களான யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினர் "வல்லவன்" என்ற ஆல்பத்தை வெளியிட்டு வழி காட்டினார்கள். அந்த விதையைக் கோவை மண்ணில் ஊன்றியது "ஹிப் ஹாப் தமிழன்".

29 நிமிடப் புயல்

யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடும் இந்தத் துணிச்சலுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அதன் பெயர் பங்க் ராக்.

நியூயார்க்கில் நாலு வாலிபர்கள். ஜோயி, ஜானி, டீ டீ, டாமி. அண்ணன் தம்பிகள் அல்ல. உறவினர்களும் அல்ல. ஆனால் நாலு பேரும் "ரமோன்" என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். பெரிய சங்கீதப் பயிற்சி கிடையாது. 1976-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. 14 பாட்டுகள். மொத்தமே 29 நிமிடம்தான்! ஆன செலவு சுமார் 6,400 டாலர். அந்த நாளில் பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தன. இவர்களோ சில நாட்களில் முடித்துவிட்டார்கள்.

விற்பனை? சொற்பம். அமெரிக்கப் பட்டியலில் 111-வது இடத்துக்கு மேல் அது ஏறவே இல்லை. அந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் தங்கத்தட்டு தகுதி கிடைத்தது 2014-ல். அதற்குள் நாலு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள்.

ஆனால் அதைக் கேட்ட பிள்ளைகள், "இவர்களால் முடியும் என்றால் எங்களால் ஏன் முடியாது?" என்று கிட்டாரைத் தூக்கினார்கள். 1977-ல் லண்டனில் கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆகிய குழுக்களின் முதல் ஆல்பங்கள் வந்தன. வேலை கிடைக்காத வாலிபர்களின் ஆத்திரத்தை கிளாஷ் பாடியது. ராணியின் வெள்ளிவிழா நடந்துகொண்டிருந்தபோது, அரச பீடத்தையே கேலி செய்து பாடியது செக்ஸ் பிஸ்டல்ஸ். பி.பி.சி. வானொலி அந்தப் பாட்டைத் தடை செய்தது.

அவர்களுடைய பேச்சில் முரட்டுத்தனம் உண்டு. நடத்தையில் குற்றம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கல் எறிந்தது கோட்டையின் மீது. குடிசையின் மீது அல்ல.

யார் மீது கோபம்?

இந்த அளவுகோலைக் கோவைப் பாட்டுக்கும் வைத்துப் பார்ப்பதில் தவறு இல்லை.

ஆல்பம் வருவதற்கு முன்பே, 2011-ல், ஆதியைத் தமிழ்நாடு எங்கும் தெரியவைத்த பாட்டு, "கிளப்புல மப்புல". கிளப்புக்குப் போய் மது குடிக்கும் இளம் பெண்களைச் சாடும் பாட்டு அது. மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பெண்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்று கண்டனமும் எழுந்தது.

அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை, அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அந்தக் கடைகளின் முன்னால் முண்டியடிக்கும் கூட்டத்தில் பெண்களைக் காண்பது அரிது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடுகிறவள் பெண். கூலியைப் பறிகொடுத்துவிட்டு அடுப்பை மூட்ட வழியின்றித் தவிக்கிறவளும் பெண். கோபம் நியாயமானதாக இருக்கலாம். அது போய் விழுந்த இடம்தான் தவறு.

இதற்காக அந்த முதல் ஆல்பத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். எந்தப் பட்டறையிலும் முதல் மோட்டார் கொஞ்சம் இரைச்சல் போடத்தான் செய்யும். பிசிறு இருக்கும். அதை அராவிச் சரி செய்வதுதான் தொழில். ஆதி அதோடு நின்றுவிடவும் இல்லை. பின்னாளில் ஜல்லிக்கட்டையும் நாட்டு மாடுகளையும் பற்றிப் பாடினார். காங்கேயம் காளை வளர்க்கும் சீமையில் அது எடுபட்டதில் வியப்பு இல்லை. 2015-ல் "ஆம்பள" படத்துக்கு இருவரும் இசை அமைத்தார்கள். 2017-ல் "மீசைய முறுக்கு" படத்தை ஆதியே இயக்கி நடித்தார். 2023-ல் இசைத் தொழில் முனைவு பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் பெற்றார்.

சினிமாவை நம்பாமல் தொடங்கியவர்கள் சினிமாவிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அது அவர்கள் பிழைப்பு. குறை சொல்ல முடியாது. ஆனால், அவர்கள் திறந்துவைத்த பட்டறையில் இனி வேலை செய்யப்போவது யார்? அங்கே என்ன செய்யப்போகிறார்கள்? இதுதான் கேள்வி.

பாட வேண்டியது எவ்வளவோ!

கொங்கு நாட்டில் பாட்டுக்குப் பொருள் பஞ்சமா?

நொய்யல் ஆறு இருக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் கலந்தது. பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, விஷ நீர்த் தேக்கம் ஆனது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட வேண்டி வந்தது. ஆற்றை இழந்த உழவனுக்கு ஒரு பாட்டு வேண்டாமா? திடீரென வேலை இழந்த தொழிலாளிக்கு ஒரு பாட்டு வேண்டாமா?

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, சாதி மாறிக் காதல் மணம் செய்துகொண்ட இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மனைவியும் வெட்டுப்பட்டார். ஊரே பார்த்தது. நாடே பதைத்தது. அந்தக் கொடுமையைக் கண்டு கொதிக்கும் ஓர் உடுக்கை, கொங்கு நாட்டில் ஒலிக்க வேண்டாமா?

2018 ஜனவரியில் சென்னையில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழு மேடை ஏறியது. கானாவையும் ராக்கையும் ராப்பையும் கலந்து, சாதியை எதிர்த்துப் பாடியது. சென்னையில் முடிந்தது கோவையில் முடியாதா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் தாளம் போட்டால், படிப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அந்த அறை ஒரு பட்டறையாக இருக்கலாம்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட எவருடைய அனுமதியும் தேவை இல்லை. பணம் இல்லையே, பயிற்சி போதாதே என்று பின்வாங்கவும் வேண்டாம். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். இந்தப் பாட்டு யாரைச் சுடும்? வலியவனையா, எளியவளையா?

அதற்குச் சரியான விடை தெரிந்தவரின் முதல் ஆல்பத்துக்காகக் கொங்கு நாடு காத்திருக்கிறது.