பொதுக் காடும் புதையல் விளையாட்டும்

பொதுச்சொத்து என்றவுடன் கேட்பாரற்ற சொத்து என்று பொருள் கொள்ளும் மனப்பாங்கு உலகெங்கும் உண்டு. ‘புறம்போக்கு’ என்னும் நிலப்பெயர் நம்மிடையே வசைச்சொல்லாக இழிந்ததற்கும் அம்மனப்பாங்கே காரணம் எனலாம். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை, அமெரிக்கக் காடுகளில் நிகழும் ஒரு விளையாட்டைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஜியோகேச்சிங் என்பது அவ்விளையாட்டின் பெயர். ஒருவர் சிறு பெட்டியொன்றில் குறிப்பேட்டினை இட்டு மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிடுவார். பிறர் ஜி.பி.எஸ். கருவியின் துணையால் தேடிக் கண்டு, தம் பெயரை எழுதி, பெட்டியை முன்போல் வைத்து மீள்வர். செயற்கைக்கோள் குறிகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே மே 3 அன்று, டேவ் உல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்தில் முதல் வாளியை வைத்தார்.

அவ்வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது; அதனுள் அவரை விதை அடைத்த தகர டப்பா ஒன்றும் இருந்தது. இன்றைய விளையாட்டு விதிகள் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. உணவு விலங்குகளை ஈர்க்கும். குழி தோண்டுதல் வேர்களையும் தொல்பொருள்களையும் சிதைக்கும். நிலத்திற்கு உரியவரின் இசைவும் வேண்டும் என்பது விதி.

அரசு நிலங்களில் விதி ஒரே தன்மைத்தன்று. தேசியப் பூங்காக்களில் உடைமையை 24 மணி நேரத்திற்கு மேல் கவனிப்பாரின்றி விட்டுச் செல்லுதல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. வனத்துறையின் தேசியக் காடுகளிலோ நடைமுறை இடத்திற்கு இடம் வேறுபடும்; அவ்வட்டார அலுவலகத்தைக் கேட்டறிதலே முறை. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காக்கப்படும் வன்னிலங்களில் கட்டுப்பாடு இன்னும் மிகுதி.

‘மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் காட்டில், கையளவு பெட்டி வைக்க இசைவு எதற்கு?’ என வினவுவோர் உளர். பெட்டி சிறிதுதான். ஆனால் அதனைத் தேடி நூறு பேர் நடந்தால், பாதையில்லா இடத்தில் புதுப்பாதை விழும், இளஞ்செடிகள் மிதிபடும். எப்புதரில் பறவை கூடு கட்டும், எம்மேட்டில் தொல்லெச்சம் உறங்கும் என்பன வைப்பவர் அறியார். காட்டைக் காப்பவர் அறிவர். ஆதலின் இசைவு கேட்டல் இரத்தலன்று. அறிந்தாரைக் கலந்து செய்தலேயாகும்.

எனினும் அலுவலகத்திற்கும் கடமை உண்டு. மறுமொழியின்றி மாதங்கள் கழிந்தால், ஆர்வலர் கேளாமலே மறைத்து வைப்பர். அப்போது பெட்டி இருக்குமிடமே காவலர்க்குத் தெரியாது போகும். எனவே விண்ணப்பம் எளிதாகவும், முடிவு விரைவாகவும் அமைதல் வேண்டும். மறுத்தால் காரணம் கூறல் வேண்டும். பெட்டி வைக்கலாகாத இடத்திற்கு மாற்றுவழியும் உண்டு. 2004 முதல் நடைபெறும் ‘எர்த்கேச்’ முறையில் பெட்டியே இல்லை. பாறையையும் ஆற்றையும் உற்று நோக்கி வினாக்களுக்கு விடை காண்பதே அங்குப் புதையல்.

இவ்விளையாட்டினர் தேடச் செல்லுமிடத்துக் குப்பையைப் பொறுக்கி வருவதையும் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அத்தகையோரைப் பகைத்துக் காட்டைக் காத்தல் அரிது. வைப்பவர் முன்னரே கேட்டு, பழுதுற்றால் தாமே அகற்றுவாராக. காப்பவர் காலத்தே விடை தருவாராக. பொது நிலம் பொதுவாகவே நிலைத்திருக்க இவ்விரண்டும் இன்றியமையாதன என்பதே நம் துணிபு.