பால்மரமும் தூள்பலகையும்

“காசு இல்லையா அண்ணே? நீங்களே எதுக்குப் பலகை அறுக்கிறீங்க?” கிள்ளானில் என் அடுப்படி அலமாரிகளை நானே செய்யத் தொடங்கியதும் கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவது என்ன? மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கினால் உப்பும். அப்புறம் திருகாணி நிற்காது. நான் எடுத்தது ரப்பர் பலகை. ஈரத்தில் இதுவும் கறுக்கும்தான்; இழைத்து மெருகு பூசினால் சரியாகிவிடும்.

நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம். 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் சாய்த்து விறகாக்கினார்கள். 1980களில் நிலைமை மாறியது. பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றிய அம்மரம், மூவாரில் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. நாமோ ‘ஆசாரி வேலை’ என்று இளக்காரம் பேசிவிட்டு, தூள்பலகைக்குத் தவணை கட்டுகிறோம். பால்கத்தி பிடித்த கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு இழைப்புளி பிடிப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?