சிப்பாய் உட்காரக் கூடாதா?

ராணுவ வீரன்னு வரையச் சொன்னா பின்னாடி கொடி, பக்கத்துல பனிமலை, நடுவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு ஆளு. அவரே களைச்சுப்போய் உட்கார்ந்திருக்கிற மாதிரி மையில ரெண்டு கோடு இழுத்துட்டா போச்சு... "ராணுவத்தையே கேவலப்படுத்திட்டான்யா"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடும். (ஏசி ரூம்லேருந்துதான்!)

இந்தக் கூச்சல் புதுசு இல்லை சாமி. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கச் சிப்பாயா இருந்த பில் மால்டின், வில்லி, ஜோன்னு ரெண்டு காலாட்படைக்காரங்களை வரைஞ்சார். ராணுவப் பத்திரிகையான ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்லயே வந்தது. சவரம் பண்ணாத மூஞ்சி, சகதி அப்பின கோட்டு, தொங்கிப்போன தோள். ஜெனரல் பேட்டனுக்கு செம கடுப்பு. 1945-ல மால்டினைக் கூப்பிட்டு வச்சுத் திட்டினார். இப்படி வரைஞ்சா படையில ஒழுங்கு கெட்டுடும்கிறது அவர் கட்சி.

ஒழுங்கு இல்லாத படை ஜெயிக்காது, வாஸ்தவம்தான். ஆனா அழுக்கும் ஒழுங்கீனமும் ஒண்ணா?

மால்டினோட ஒரு படம். ரெண்டு பேரும் ஓய்ஞ்சுபோய் உட்கார்ந்திருக்காங்க. முந்தின நாள் தன் உயிரைக் காப்பாத்தின ஜோவுக்குக் கைமாறா வில்லி ஒண்ணு குடுக்கிறான். என்ன தெரியுமா? தன்கிட்ட மிச்சமிருக்கிற கடைசி ஜோடி காஞ்ச சாக்ஸ்!

சிரிப்பு வரும். ஆனா விஷயம் சீரியஸ். குளிர்லயும் ஈரத்துலயும் நாள்கணக்கா பூட்ஸைக் கழட்டாம இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு பாதம் மரத்துப்போகும், முத்தினா அழுகிடும். 'ட்ரென்ச் ஃபுட்'னு பேரு. 1944-45 குளிர்காலத்துல ஐரோப்பாவுல ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் குண்டடி படாமலே இதால ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. தடுக்க வழி? உட்காரணும், பூட்ஸைக் கழட்டணும், காலைத் துடைச்சு சாக்ஸ் மாத்தணும். அவ்ளோதான். ஆக, அந்தப் படத்துல உட்கார்ந்திருக்கிறவன் டூட்டியிலதான் இருக்கான்!

மால்டின் ஒண்ணும் வெளியாள் இல்லை. 1943-ல இத்தாலியில மோர்ட்டார் சிதறல் பட்ட ஆளு. 1945-ல புலிட்சர் வாங்கினப்ப வயசு 23. 2010-ல அமெரிக்கா அவரையும் வில்லி-ஜோவையும் தபால்தலையிலயே போட்டுச்சு. ராணுவத்தோட மானம் ஒண்ணும் போயிடலை.

விறைப்பா நிக்கிற வீரன் நமக்கு வசதி. ஒரு சல்யூட் வச்சுட்டு நகர்ந்துடலாம். உட்கார்ந்திருக்கிறவன் கேள்வி கேக்குறான்: காஞ்ச சாக்ஸ் எங்கே, சூடான சாப்பாடு எங்கே, லீவு எப்போன்னு. அதுக்குப் பதில் சொல்ற பொறுப்பு அவனைப் போருக்கு அனுப்பினவங்களுக்கு உண்டு. கோபம் வர்றது அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

நீங்க என்ன சொல்றீங்க மக்கா?